ஹிஜ்ரி ஆண்டு ஏன் 622இல் தொடங்குகிறது?

கேள்வி: முஹம்மது நபிகளுக்கு முதல் இறைச்செய்தி வந்தது 610 வாக்கில். அப்புறம் ஏன் முஸ்லிம்களின் ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கை மட்டும் 622இல் இருந்து எண்ணுகிறார்கள்?

பதில்: அந்த வருடம்தான் நபிகளும் அவரைப் பின்பற்றியவர்களும் குறைஷி குலத்தாரின் தொல்லை தாங்காமல் மக்காவை விட்டு யத்ரிபுக்கு, அதாவது மதீனாவுக்குப் போனார்கள். மக்காவில் அடிபட்டுக் கிடந்த சின்னக் கூட்டம், அங்கே போய் பள்ளிவாசல் கட்டி, ஊர்க் குலங்களோடு உடன்படிக்கை செய்து தனிச் சமூகமாக நின்றது. என் பார்வையில் நபிகளின் பிறந்தநாளைவிட இதுதான் பெரிய திருப்பம்.

பதில்: கணக்கைத் தொடங்கியவர் நபி அல்ல, அவருக்குப் பின் முஸ்லிம்களை ஆண்ட கலீஃபா உமர், 638 வாக்கில். கடிதத்தில் மாதம் மட்டும் இருக்கும், எந்த வருடத்து ஷஅபான் மாதம் என்று தெரியாமல் குழம்பினார்களாம்!

கேள்வி கேட்டவர்: சரி, அப்படியானால் மதீனா பயணம் ஹிஜ்ரி ஆண்டின் முதல் மாதமான முஹர்ரமிலா?

பதில்: இல்லை, மூன்றாம் மாதமான ரபீஉல் அவ்வலில். அரபிகளின் பழைய மாத வரிசையை மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள், அதனால் ஆண்டு முஹர்ரமிலேயே தொடங்குகிறது.