ஃபிரெடரிக் குக் படத்தைப் பள்ளிச் சுவரில் ஒட்டலாமா?

கோத்தகிரி_வாத்தியார்:
எங்கள் பள்ளியில் மலையேறிகள், துருவப் பயணிகள் படங்களை ஒரு சுவர் முழுக்க ஒட்டுகிறோம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஃபிரெடரிக் குக் படத்தைக் கொண்டுவந்தான், அடியில் 'வட துருவத்தை முதலில் அடைந்தவர், 1908' என்று எழுதியிருக்கிறான். சக ஆசிரியர் பார்த்துவிட்டு, "இந்த ஆள் ஃபிராடு சார், ஜெயிலுக்குப் போனவர், எடுத்துவிடுங்கள்" என்கிறார். எனக்கு வட துருவத்துக்கு பியரி, தென் துருவத்துக்கு ஆமுன்ட்சென், அது வரைக்கும்தான் தெரியும். ஒட்டவா, வேண்டாமா? பையன் ராத்திரி உட்கார்ந்து வரைந்த பார்டர் வேறு.

குன்னூர்_குளிர்:
துருவத்தை அப்புறம் பார்க்கலாம் சார், மலை விஷயத்தில்தான் எனக்குக் கோபம். 1906-ல் அலாஸ்காவின் தெனாலி உச்சியில் (6,190 மீட்டர், மெக்கின்லி என்றும் பெயர்) ஏறிவிட்டேன் என்று சொல்லி, எட் பேரில் என்ற கூட்டாளி அங்கே கொடியோடு நிற்கிற படம் என்று ஒன்றையும் வெளியிட்டார். முன்பு அவரோடு அதே பயணத்தில் இருந்த பார்க்கரும் பிரவுனும் 1910-ல் தேடிப்போய், அந்தப் பாறையைக் கண்டுபிடித்து, அதே கோணத்தில் படம் எடுத்துவிட்டார்கள். உண்மையான உச்சியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, உயரம் 1,600 மீட்டர் சொச்சம். நம் குன்னூர் ஸ்டேஷனே அதைவிட உயரம்! அந்தக் கூட்டாளி பேரிலும் 1909-லேயே நாங்கள் உச்சிக்குப் போகவில்லை என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்துவிட்டார். 1913-ல் நிஜமாகவே முதலில் உச்சியில் கால் வைத்தவர் வால்டர் ஹார்ப்பர், அலாஸ்காப் பழங்குடித் தாயின் மகன். அவர் படத்தை ஒட்டுங்கள்.

லவ்டேல்_வண்டி:
குன்னூர் அண்ணே சொன்னது சரிதான், ஆனால் அதற்கு எட்டு வருஷம் முன்னால் போய்ப் பாருங்கள். பெல்ஜிகா என்ற ஆய்வுக் கப்பல் 1898-ல் அண்டார்டிகா பனியில் சிக்கி ஒரு வருஷத்துக்கு மேல் நகரவில்லை, எழுபது நாள் போல சூரியனே கிடையாது, எல்லாருக்கும் ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்). கப்பல் டாக்டர் குக்தான் பென்குயின், சீல் கறியை அதிகம் வேகவைக்காமல் தின்னச் சொல்லிக் காப்பாற்றினார். கேப்டன் முதலில் வாயில் வைக்கவே மாட்டேன் என்று அடம், படுத்த பிறகுதான் தின்றார். அந்தக் கப்பலில் இருந்த இளைஞர் யார் தெரியுமா, ஆமுன்ட்சென்! எண்ணெய்க் கிணற்றுப் பங்குகளை விற்றதில் மோசடி என்று 1923-ல் குக்குக்குத் தண்டனை விழுந்தபோதும் ஆமுன்ட்சென் அவரைக் கைவிடவில்லை, 1926-ல் சிறைக்கே போய்ப் பார்த்தார்.

ஹட்டிக்காரன்:
துருவத்துக்கு வருவோம். குக்கோடு போன இரண்டு இனூயிட் (வட துருவப் பகுதிப் பழங்குடி) இளைஞர்கள் எடுகிஷுக், அவேலா. நிலம் கண்ணை விட்டு மறையவே இல்லை, அதாவது கடல் பனியில் அவ்வளவு தூரம் போகவே இல்லை என்று அவர்கள் சொன்னதாகப் பிற்பாடு வெளியிட்டவர்கள் பியரி ஆட்கள். பியரி மட்டும் யோக்கியமா? 1909-ல் கடைசிக் கட்டத்தில் அவரோடு இருந்தவர்கள் மேத்யூ ஹென்சனும் நான்கு இனூயிட்டுகளும், வழியை அளந்து சரிபார்க்கத் தெரிந்த வேறு ஆள் ஒருவர்கூட இல்லை, இன்றுவரை அவர் கணக்கையும் பலர் நம்புவதில்லை. குக் ஆதாரமாகக் கொடுத்த காகிதங்களைக் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் 1909 டிசம்பரிலேயே போதாது என்று தள்ளிவிட்டது.
சார், நம்ம ஊரிலேயே '1819-ல் வெள்ளைக்கார கலெக்டர் சல்லிவன் ஊட்டியைக் கண்டுபிடித்தார்' என்று சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம், தொதவர் எருமைகள் அங்கே மேய்ந்துகொண்டிருந்தபோது. முதலில் அந்த வரியைத் திருத்திவிட்டு குக்கைத் தூக்குங்கள்.

குன்னூர்_குளிர்:
ஹட்டி, சல்லிவன் பொய் போட்டோ எடுக்கவில்லையே! ஆனாலும் பாயிண்ட் இருக்கிறது.

கோத்தகிரி_வாத்தியார்:
எல்லாருக்கும் நன்றி. படம் சுவரிலேயே இருக்கிறது, அடியில் 'பெல்ஜிகா கப்பலின் டாக்டர், 1897-99' என்று பையனே மாற்றி எழுதினான், பக்கத்தில் ஹார்ப்பரும் ஹென்சனும். தெனாலி போட்டோ கதையைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது, இவன் மட்டும் கை தூக்கி, பென்குயின் கறி எப்படி சார் இருக்கும் என்றான்.

லவ்டேல்_வண்டி:
மாட்டுக்கறி, நாறின மீன், வாத்து மூன்றையும் ஒரே சட்டியில் வறுத்து, மேலே ரத்தமும் மீன் எண்ணெயும் ஊற்றின மாதிரி என்று குக்கே எழுதி வைத்திருக்கிறார் சார். இதில் அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார்.