உதவி தேவை: வாடிக்கையாளர் விபரங்களை எழுதி வைக்க எந்தக் குறிப்புச் செயலி பாதுகாப்பானது?

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடி சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றுகிறேன். பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் விவாகப் பதிவுகளையும் காணி உறுதிகளையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பதே பெரும்பாலும் என் வேலை. விசாவுக்கு விண்ணப்பிப்பவர்களும் புதுக்கடை நீதிமன்றங்களுக்கு ஆவணம் கொண்டு செல்பவர்களுமே என்னிடம் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் கூகுள் கீப்பில் ஒரு குறிப்புத் திறந்து, பெயரை ஆங்கிலத்தில் எவ்வாறு எழுத வேண்டும், அடையாள அட்டை இலக்கம் என்ன, முகவரி என்ன, எவ்வளவு பணம் பாக்கி என்பவற்றையெல்லாம் பல ஆண்டுகளாக அதில் எழுதி வந்தேன்.

சென்ற மாதம் வீட்டு அச்சுப்பொறி பழுதடைந்ததால் அருகிலிருக்கும் கொமியூனிகேஷன் கடை ஒன்றுக்குச் சென்று, அங்கிருந்த கணினியில் என் கணக்கைத் திறந்து ஓர் ஆவணத்தை அச்சிட்டுவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறாமலே வந்துவிட்டேன். மறுநாள் காலை கடையில் வேலை செய்யும் தம்பி என்னை அழைத்து விடயத்தைச் சொன்னார். என் இலக்கம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டபோது, திரையில் இருந்த குறிப்பு ஒன்றிலிருந்து எடுத்ததாகக் கூறினார். அவர் நல்லவர், ஆனால் அந்த இரவு அக்கணினியில் வேறு யார் அமர்ந்தார்கள் என்பதை என்னால் அறிய முடியாது.

அண்ட்ரொய்ட் கைபேசியிலும் விண்டோஸ் மடிக்கணினியிலும் இயங்கக்கூடிய, தமிழைச் சரியாகக் கையாளக்கூடிய, மாதந்தோறும் டொலரில் கட்டணம் கேட்காத செயலி ஏதேனும் உண்டா?

கடற்கரை வீதி:

ஸ்டாண்டர்ட் நோட்ஸைப் பயன்படுத்துங்கள். முனைக்கு முனை மறையாக்கம், அதாவது குறிப்பை உங்கள் சாதனத்திலேயே பூட்டி அனுப்பும் முறை, தொடக்கத்திலிருந்தே இயங்கும். நிறுவனத்தாரால்கூட உங்கள் குறிப்பை வாசிக்க முடியாது. 2024 ஏப்ரலில், மறையாக்க மின்னஞ்சல் வழங்கும் புரோட்டன் நிறுவனத்துடன் இணைந்துவிட்டார்கள். இலவசக் கணக்கில் வெறும் எழுத்து மட்டுமே எழுதலாம். உங்களுக்கு அது போதும் என நினைக்கிறேன்.

தெஹிவளை வாசகர்:

மேலே கூறப்பட்டதில் பிழையில்லை. ஆனால் சகோதரிக்கு நேர்ந்ததற்கு அது மருந்தாகாது. முனைக்கு முனை மறையாக்கம் குறிப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் நிறுவனத்திடமிருந்தும், அதன் சேவையகத்துக்குள் புகுபவரிடமிருந்தும் காக்கும். கடைக் கணினியில் நீங்களே கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறந்துவிட்டு எழுந்து வந்தால், உலகின் எந்த மறையாக்கமும் அடுத்து அமர்பவரைத் தடுக்காது. பூட்டைத் திறந்து வைத்தவரே நீங்கள் அல்லவா. ஆகவே செயலியின் பெயரைக் கேட்பதற்கு முன், யாரிடமிருந்து மறைக்க விரும்புகிறீர்கள் என்பதைத் தீர்மானியுங்கள். நிறுவனத்திடமிருந்தா, கைபேசியைத் திருடுபவரிடமிருந்தா, பழுதுபார்க்கக் கொடுக்கும் கடையிடமிருந்தா, வீட்டில் மடிக்கணினியைப் பகிர்பவரிடமிருந்தா? ஒவ்வொன்றுக்கும் விடை வேறு.

இன்னொன்று, உடனடியாகச் செய்ய வேண்டியது: கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் உங்கள் சாதனங்களின் பட்டியல் இருக்கிறது. அங்கு அந்தக் கடைக் கணினியை வெளியேற்றிவிட்டுக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். கடைக்காரர் வெளியேற்றிவிட்டதாகச் சொன்னாலும் நீங்களே ஒருமுறை பாருங்கள்.

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பாளர்:

மிக்க நன்றி. பட்டியலைப் பார்த்தேன், அந்தக் கணினி இன்னும் அதில் இருந்தது. வெளியேற்றிவிட்டேன். உங்கள் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்வதானால், முதலாவது அச்சம் பொதுக் கணினி. இரண்டாவது பேருந்தில் தவறவிடக்கூடிய கைபேசி. நிறுவனத்தைப் பற்றி இதுவரை நான் யோசித்ததே இல்லை.

தெஹிவளை வாசகர்:

அதையும் சற்று யோசிப்பது நல்லது. எவர்நோட் என்ற குறிப்புச் செயலியின் நிறுவனம் 2016 டிசெம்பரில், இயந்திரக் கற்றலை மேம்படுத்துவதற்காகத் தன் ஊழியர் சிலர் பயனர்களின் குறிப்புகளைப் பார்க்க இடமளிக்கும் வகையில் தனியுரிமைக் கொள்கையை மாற்றப் போவதாக அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. கீப்பிலும் குறிப்புகள் மறையாக்கப்பட்டே சேமிக்கப்படுகின்றன. ஆனால் திறப்பு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. எவர்நோட்டைப் பற்றி இன்னொரு செய்தி: 2023 டிசெம்பரில் இலவசப் பயனர்களுக்கு 50 குறிப்புகள், ஒரு குறிப்பேடு என்று எல்லை வகுத்தார்கள். நுழைவதற்கு முன் வெளியே எடுத்துச் செல்லும் வழியையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

உங்கள் நிலைமைக்கு நான் ஜொப்ளின் என்ற குறிப்புச் செயலியைப் பரிந்துரைப்பேன். திறந்த மூல மென்பொருள்; இலவசம்; குறிப்புகள் உங்கள் சாதனத்திலேயே இருக்கும்; மார்க்டவுன் எனப்படும் எளிய எழுத்துக் கோப்புகளாக எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம். கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் இடையே ஒத்திசைக்க ட்ரொப்பொக்ஸ் அல்லது வன்ட்ரைவ் போன்ற இணையச் சேமிப்புக் கணக்கு போதும். பொதுக் கணினியில் உலாவியைத் திறந்து குறிப்புகளைப் பார்க்கும் பழக்கமும் தானாகவே ஒழிந்துவிடும். அச்சிட வேண்டிய ஒரு கோப்பை மட்டும் யூஎஸ்பியில் கொண்டு செல்லலாம்.

ஆனால் மூன்று விடயங்களை அறிந்துகொள்ளுங்கள். ஜொப்ளினில் மறையாக்கம் தானாக இயங்காது. அமைப்புகளில் நீங்களே இயக்க வேண்டும். முதலில் மடிக்கணினியில் மட்டும் இயக்கி, ஒத்திசைவு முழுமையாக முடியும்வரை பொறுத்திருந்து, அதன் பின்னரே கைபேசியை இணையுங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் இயக்கினால் குழப்பம் வரும். அடுத்தது, மறையாக்கம் ட்ரொப்பொக்ஸுக்குச் செல்லும் பிரதிக்குத்தான். மடிக்கணினிக்குள் இருக்கும் தரவுத்தளம் பூட்டப்படுவதில்லை. அதற்கு வட்டு முழுவதையும் பூட்டும் விண்டோஸின் பிட்லொக்கர் தேவை. ஹோம் பதிப்பில் அதன் முழு வடிவம் இல்லை, சில மடிக்கணினிகளில் மட்டும் சாதன மறையாக்கம் என்ற பெயரில் எளிய வடிவம் இருக்கும். கைபேசிக்குத் திரைப்பூட்டு கட்டாயம். மூன்றாவது, மறையாக்கத்துக்கு நீங்கள் இடும் முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத் தர எவரும் இல்லை. அதை ஒரு தாளில் எழுதி அலுமாரியில் வையுங்கள். தாளை யாரும் இணையத்தின் வழியாகத் திருட முடியாது.

புதுக்கடை எழுதுவினைஞர்:

நான் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தங்கச்சி, செயலி எதுவாயினும் இருக்கட்டும். வேலை முடிந்த பின்னரும் அடையாள அட்டை இலக்கத்தை ஏன் வைத்திருக்கிறீர்கள்? 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அதனுடன் 500 கூட்டப்படும். எனவே இலக்கத்தைப் பார்த்தவுடன் பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். பெயரும் முகவரியும் பக்கத்தில் இருந்தால் ஒருவருக்கு வேண்டியது எல்லாமே அங்கிருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நோக்கத்துக்குத் தேவையான காலத்துக்கு மேல் தரவை வைத்திருக்கலாகாது என்பதையே ஒரு கடப்பாடாகக் கூறுகிறது. நீங்கள் திரும்பவும் பயன்படுத்தப் போவது பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றைத்தான்.

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பாளர்:

ஐயா கூறியது உறைத்தது. அடையாள அட்டை இலக்கங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்த சந்தர்ப்பம் எனக்கு நினைவில் இல்லை. நம் தரவைப் பதிவிறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியாகக் கீப்பின் குறிப்புகளை எச்டிஎம்எல் கோப்புகளாக இறக்கி ஜொப்ளினுக்குள் கொண்டு வந்துவிட்டேன். இலக்கங்களை ஒவ்வொன்றாக அழித்து வருகிறேன். இப்போது இரண்டு சிக்கல்கள். பழைய சொற்பட்டியல் ஒன்று வேர்ட் கோப்பில் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. அதை ஒட்டினால் தமிழுக்குப் பதிலாக அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகள் வருகின்றன. மற்றது, நிலம் என்று தேடினால் நிலத்தின், நிலத்தை என்று எழுதியவை அகப்படவில்லை.

தெஹிவளை வாசகர்:

பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்த பழைய முறை. எழுத்துரு போனால் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும், செயலியின் குறையன்று. யுனிகோடுக்கு மாற்றியே ஒட்ட வேண்டும். மாற்றித் தரும் இணையப் பக்கங்கள் பல உண்டு. ஆனால் பக்கம் திறந்த பின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு மாற்றிப் பாருங்கள். அப்போதும் மாறினால் வேலை உங்கள் உலாவிக்குள்ளேயே நடக்கிறது. மாறாவிட்டால் உங்கள் எழுத்து வேறெங்கோ சென்று வருகிறது. சொற்பட்டியலுக்கு அதனால் பாதகமில்லை. வாடிக்கையாளரின் உறுதியை அப்படிப்பட்ட பக்கத்தில் ஒட்டாதீர்கள்.

தேடலைப் பொறுத்தவரை, சொல்லுக்கு முன்னால் ஒரு சாய்கோட்டை (/) இட்டால் ஜொப்ளின் சொல்லின் பகுதியையும் தேடும். வேற்றுமை உருபு ஏறும்போது மகரம் மறைந்துவிடும் என்பதால் நிலம் என்று முழுமையாக எழுதாமல் சாய்கோட்டுக்குப் பின் நில என்று மட்டும் இடுங்கள். நிலவு, நிலைமை எல்லாம் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மறந்துவிட்டேன், இன்னொன்று. இலக்கங்களை அழித்தாலும் ஜொப்ளின் குறிப்பின் பழைய வடிவங்களை இயல்பாக 90 நாட்கள் வைத்திருக்கும். குப்பைத்தொட்டிக்கும் அதே 90 நாட்கள். அமைப்புகளில் இரண்டையும் குறைத்துக்கொள்ளலாம்.

வெள்ளவத்தை மொழிபெயர்ப்பாளர்:

சாய்கோடு வேலை செய்கிறது. பாமினி மாற்றியை இணைப்பைத் துண்டித்துச் சோதித்தேன். முதலாவது பக்கம் அசையவே இல்லை, இரண்டாவது மாற்றித் தந்தது. குறிப்பு வரலாற்றை 7 நாட்களாகக் குறைத்துள்ளேன். கீப்பில் இருந்தவற்றை அழித்து அதன் குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கிவிட்டேன். மடிக்கணினி ஹோம் பதிப்புத்தான். சாதன மறையாக்கம் அதில் இருக்கிறதா என்று இன்றிரவு பார்த்துவிட்டு எழுதுகிறேன். அச்சுப்பொறிக்கு மையும் வாங்கியாகிவிட்டது.