மறு: ஈரல் கட்டி பார்க்கும் கொன்ட்ராஸ்ட் ஸ்கேனுக்குத் தமிழில் என்ன?

அன்பின் நண்பர்களுக்கு,

ஊசியில் கொன்ட்ராஸ்ட் ஏற்றி ஈரல் கட்டியைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு (contrast-enhanced ultrasound) இங்கே வந்த ‘மாறுபாடு மேம்படுத்திய மீயொலி நோக்கு’ என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. எது மாறுபட்டது, எதனால் மேம்பட்டது என்று கேட்பவருக்கு ஒன்றுமே விளங்காது. இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வைத்தியசாலைக்கு வருகிறவர்களுக்காக விளக்கத் தாள் எழுதுகிறவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கொன்ட்ராஸ்ட் ஏற்றி எடுக்கும் சீ.ரீ. (CT) ஸ்கேனுக்கு ‘மருந்து ஏத்தி எடுக்கிற ஸ்கேன்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதை இதற்கும் இழுத்துவர வேண்டாம். மருந்து என்றதும், “ஏத்திட்டாங்களே, இனி கட்டி கரைஞ்சிடுமா?” என்றுதான் வீட்டார் கேட்பார்கள். சாயம் என்பதும் சரியில்லை.

உள்ளே போவது குமிழி. சல்பர் ஹெக்சாபுளோரைட்டு வாயுவை மெல்லிய பொஸ்போலிப்பிட்டு (ஒருவகைக் கொழுப்பு) உறையில் அடைத்த குமிழிகள், பெரும்பாலும் குருதியின் செங்குழியத்தைவிடச் சிறியவை. ஒலி அலை பட்டதும் சுருங்கி விரிந்து தமக்கே உரிய எதிரொலியைத் தருகின்றன. சீ.ரீ.க்கு ஏற்றும் அயடீன் திரவம் குருதிக்கலனைத் தாண்டி இழையத்துக்குள் கசியும், இவை கசியாது. குருதி ஓடும் இடம்தான் இவற்றின் இடம். ஆகவே என் முன்மொழிவு ‘நுண்குமிழிக் கழியொலி வரைவு’, பேச்சில் ‘நுண்குமிழி ஸ்கேன்’. அல்ட்ராசவுண்டுக்கு மீயொலி என்பது தமிழ்நாட்டு வழக்கு, நம் பிள்ளைகள் பாடநூலில் படிப்பது கழியொலி. இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

குமிழி என்றால் ஆட்கள் பயப்படுவார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயம்தான். சேலைன் குழாயில் ஒரு காற்றுக்குமிழி தெரிந்தாலே தாதியைக் கூப்பிடுகிறோம். ஆனால் அதற்காகச் சொல்லை மறைக்கக் கூடாது. இவை நுரையீரலின் மயிர்த்துளைக் கலன்களையே தடையின்றிக் கடக்கும் அளவு சிறியவை, வாயு சில நிமிடங்களில் மூச்சோடு வெளியேறிவிடும், சிறுநீரகத்துக்கு வேலையில்லை என்று தாளிலேயே எழுதிவிடலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு அந்தக் கடைசி வரி பெரிய ஆறுதல்.

அப்புறம், கட்டி எந்த வகை என்று பிரித்தறிவதே நேரத்தை வைத்துத்தான் என்பதால், அவத்தைகளுக்கும் (ஸ்கேனின் நேரக் கட்டங்களுக்கும்) பெயர் வேண்டும். ஊசி போட்டு 10 முதல் 20 செக்கனில் தொடங்குவது நாடி அவத்தை, நாடி வழியே குமிழி ஈரலுக்கு வரும் நேரம். அடுத்து ஏறத்தாழ 2 நிமிடம் வரை வாயினாள அவத்தை, குடலிலிருந்து ஈரலுக்குக் குருதி கொண்டுவரும் வாயினாளத்தின் பெயரால். அதன்பின் குமிழி மறையும்வரை பிந்திய அவத்தை. குமிழி வந்த இடம் திரையில் ஒளிரும், போன இடம் இருளும். தீங்கற்ற குருதிக்கலன் கட்டி பொதுவாக ஓரத்தில் திட்டுத்திட்டாக ஒளிர்ந்து உள்நோக்கி நிரம்பும். ஈரலிலேயே தோன்றும் புற்று பெரும்பாலும் நாடி அவத்தையில் பளிச்சென்று ஒளிர்ந்து, 60 செக்கனுக்குப் பின்னர் மெதுவாக இருளும். வேறிடத்திலிருந்து பரவியது பெரும்பாலும் 60 செக்கனுக்கு முன்பே இருண்டுவிடும்.

இந்த இருளலுக்கு ‘மங்கல்’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். நீர்க்கட்டி தொடக்கம் முதலே கறுப்பாகத்தான் தெரியும், அதில் குமிழி நுழையவே இல்லை. அதையும் மங்கல் என்றே வாசித்துவிடுவார்கள். வந்த குமிழி போய்விட்டது என்பதுதான் இங்கே செய்தி. எனவே ‘வடிதல்’: 60 செக்கனுக்கு முன் என்றால் முன்வடிதல், பின் என்றால் பின்வடிதல்.

‘ஒளிர்தல்’ மட்டும் எனக்கு இன்னும் முழுத் திருப்தி தரவில்லை, கட்டியே ஒளி விடுவதுபோல் இருக்கிறது. தாள் அச்சுக்குப் போகுமுன் மேலான சொல் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.