கட்டடக்கலைஞரின் வேலை படம் கீறுவதோடு முடிகிறதா?

கரைவலை: 2004 சுனாமிக்குப் பிறகு, இலங்கையின் வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. தெற்கில் அது 100 மீற்றர்தான். திருகோணமலையில் அந்தக் கோட்டுக்குள் இருந்தவர்களில் மீன்பிடிக் குடும்பங்கள் எத்தனை! தோணியையும் வலையையும் கண்பார்வைக்கு அப்பால் விட்டுவிட்டு எப்படித் தொழில் செய்வது? இப்படி ஒரு கோடு விழும்போது கட்டடக்கலைஞர்கள் வாய் திறக்க வேண்டும். யார் எங்கே குடியிருப்பது என்பதும் அவர்கள் பொறுப்புத்தான்.

ரசமட்டம்: நான் இந்தத் தொழிலில் இருப்பவன், ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்களுக்கு யாரும் வாக்குப் போடவில்லை. கோட்டை எதிர்க்க மீனவர் சங்கம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. கூரை ஒழுகாமல், மலக்குழி கிணற்றுக்குக் கிட்ட வராமல் கட்டிக்கொடுத்தாலே பெரிய காரியம்.

நிலாவெளி அக்கா: தம்பி, அந்தக் குழியையே எடுப்போம். எங்கள் பக்கம் மணல் தரை. குழித் தண்ணீர் சுலபமாகக் கிணற்றுக்கு இறங்கிவிடும். துண்டுக் காணியாகப் பிரித்துத் தந்தால், நீங்கள் எந்த மூலையில் கீறினாலும் இடைவெளி காணாது. பக்கத்து வளவுக் குழியும் உங்கள் கிணற்றுக்குக் கிட்டத்தான் வரும். ‘இந்தக் காணி போதாது’ என்று அதிகாரிக்கு எழுதிக் கொடுப்பது தொழிலா, அரசியலா?

ரசமட்டம்: சரி அக்கா, அது தொழில்தான். அதற்கு மேலே போனால்தான் பயம். எங்கள் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த நாடாளுமன்றம் 1982இல் திறந்தது. அவ்வளவு அழகான கட்டடம். அடுத்த வருடமே ஜூலைக் கலவரம். கட்டடக்கலையால் எதைத் தடுக்க முடிந்தது?

கரைவலை: தடுக்கச் சொல்லவில்லை அண்ணை, கேட்கச் சொல்கிறோம். கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா 1950களில் கண்டி வட்டபுளுவ வீட்டுத்திட்டத்துக்கு, குடிவரப் போகிறவர்களிடம் கேட்டுத்தானே வீடுகளை வடிவமைத்தார்.

நிலாவெளி அக்கா: சுனாமிக்குப் பிறகு தெற்கே கிரிந்தவில் முஸ்லிம் மீனவர்களுக்கு ஜப்பானியக் கட்டடக்கலைஞர் ஷிகெரு பான் கட்டிய வீடுகளையும் பாருங்கள். குசினியும் குளியலறையும் வீட்டோடு வேண்டும் என்றார்கள் சனங்கள். தள்ளித்தான் இருக்க வேண்டும் என்றது அரசு. அவர் அவற்றை வீட்டோடு சேர்த்து, இருக்கும் அறைகளுக்கும் அவற்றுக்கும் நடுவில் கூரை போட்ட முற்றம் வைத்தார். சனத்துக்காக அரசோடு பேரம் பேசுவது என்றால் இதுதான்.

ரசமட்டம்: அந்த முற்றம் நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் அவர் அங்கே இருந்த 100 மீற்றர்க் கோட்டை மாற்றப் போகவில்லையே. கிடைத்த விதிக்குள் நின்றுதான் கட்டினார். நானும் அங்கேதான் நிற்கிறேன்.

நிலாவெளி அக்கா: அப்படியென்றால் அடுத்த காணிப் பங்கீட்டுக் கூட்டத்துக்கு வாருங்கள் தம்பி. துண்டு பிரிக்கும் முன்னே கிணறு எங்கே, குழி எங்கே என்று கீறிக் காட்ட அங்கே ஒரு ஆள் இல்லை.