தரம் 4 பிள்ளை நுவரெலியா போனால் மாஸ்டரின் 80 வீதத்துக்கு என்ன வந்தது?

தட்டிவான்:
இந்த இழையை வேண்டுமென்றேதான் தொடங்குகிறேன். நல்லூர்த் திருவிழா வாகன நெரிசல் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில், யாரும் கேட்காமலே குப்பிவிளக்கு மாஸ்டர் நுழைந்து இப்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "தவணை நடக்கும்போது பிள்ளையை ஊர் சுற்றக் கூட்டிப்போகிற தாய் தகப்பன், பிள்ளையின் தலையில் தாங்களே மண் அள்ளிப் போடுகிறார்கள். 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்பதாவது இவர்களுக்குத் தெரியுமா?"

யாரைக் குத்துகிறார் என்று எனக்குத் தெரியும். என் மகள் தரம் 4. போன தவணையில் குடும்பமாக நுவரெலியா போய்வந்தோம், படமும் போட்டேன். ஏப்ரல் விடுமுறையில் போயிருக்கலாமே என்பீர்கள். வசந்தகாலம் என்று ஊரே அங்கே திரளுகிற அந்த மாதத்தில் ஓர் அறைக்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வந்து அதைச் சொல்லுங்கள். 80 வீதம் என்பது பாடசாலை மூலம் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறவர்களுக்கான விதி. தரம் 4 பிள்ளைக்கு அதை எடுத்துக் காட்டுவது ஏன்?

குப்பிவிளக்கு:
தம்பி, உங்கள் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது, அதற்கு நான் பொறுப்பில்லை.

80 வீதம் உயர்தரத்துக்கு என்று எனக்கே பாடம் எடுக்கிறீர்கள். நல்லது. உயர்தரத்தில் 80 வீதம் வருகிற பிள்ளை எங்கே உருவாகிறது? தரம் 4இல். அதுவும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய வருடம். பாடசாலை என்பது விருப்பம்போல் வந்து போகிற இடம் என்று பத்து வயதுக்கு முன்பே பிள்ளைக்குப் பழக்கிவிட்டீர்கள். 1939ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கட்டாயக் கல்வி இந்த நாட்டில் இருக்கிறது. 2016இல் அதன் வயதெல்லையை 16 ஆக்கினார்கள். கட்டாயம் என்றால் கட்டாயம். 80 என்றால் 80.

தட்டிவான்:
கட்டாயக் கல்வி என்பது பிள்ளையைப் பாடசாலைக்கே அனுப்பாமல் வேலைக்கு விடுகிறவர்களுக்காக வந்தது. ஹக்கலைப் பூங்காவில் பிள்ளைக்குப் பெயர்ப்பலகை வாசிக்கக் கற்றுக்கொடுத்த தகப்பனைப் பிடிப்பதற்கு அல்ல. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. தரம் 4க்கு 80 வீதம் எங்கே எழுதியிருக்கிறது?

இடாப்பு எழுதுகிறவள்:
நான் இப்போதும் வகுப்பில் நிற்கிறவள், அதனால் ஒன்று சொல்கிறேன். போவதைப் பற்றி எனக்குப் பெரிய முறைப்பாடு இல்லை. பொய்க் கடிதம்தான் தாங்க முடியவில்லை. கொப்பியில் கிழித்த ஒற்றைத் தாள், ஓரத்தில் நூல் தொங்கும். "கடும் காய்ச்சல் காரணமாக" என்று தாயின் கையெழுத்தில் இருக்கும். அதைக் கொண்டுவந்து நீட்டுகிற பிள்ளை, யாழ்ப்பாண வெயிலில், காதை மூடுகிற கம்பளித் தொப்பியோடு நிற்கும். தொப்பியின் உச்சியில் குஞ்சம் வேறு. "காய்ச்சல் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்ல குளிர் ரீச்சர், படகிலும் போனோம்" என்று சொல்லும். உண்மையை எழுதித் தந்தால் நானா தடுக்கப்போகிறேன்? பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்குகிற வேலை எதற்கு?

தட்டிவான்:
ரீச்சர், நான் உண்மையைத்தான் எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் என்று எழுதியிருக்கலாமே, எல்லோருக்கும் சுலபம்" என்று பாடசாலையிலேயே சொன்னார்கள். இப்போது சொல்லுங்கள், யார் பழக்குகிறார்கள்?

குப்பிவிளக்கு:
அது கற்பனைக் கதையாகத்தான் இருக்கும். எந்த ஆசிரியரும் அப்படிச் சொல்லமாட்டார்.

இடாப்பு எழுதுகிறவள்:
சொல்லுவார்கள் மாஸ்டர்.

நெடுந்தீவுக் குதிரை:
ஐயாமாரே, சிறு சந்தேகம். மார்ச் மாதத்தில் "வடக்கின் போர்" கிரிக்கெட் ஆட்டம் நடக்கிறது. மூன்று நாட்கள் மத்திய கல்லூரி மைதானத்தைச் சுற்றி கொடியும் பாண்ட் வாத்தியமும். மாணவர் கூட்டம் சைக்கிளிலும் லொறியிலும் ஊர்வலம் போகிறது. அந்த நாட்களில் வகுப்பில் யார் இருக்கிறார்கள்? அதற்கெல்லாம் 80 வீதம் குறையாதா, நுவரெலியாவுக்கு மட்டும்தான் குறையுமா?

குப்பிவிளக்கு:
கிரிக்கெட் பாடசாலையின் மரபு. மரபையும் உல்லாசத்தையும் ஒரே தராசில் வைக்கிற அறிவு நெடுந்தீவுக் குதிரைக்குத்தான் வரும்.

ஹரோ வாசி:
இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன். இங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அனுமதியில்லாமல் ஐந்து நாட்கள் பிள்ளையை நிறுத்தினால் தாய்க்குத் தனியாக, தகப்பனுக்குத் தனியாக, ஒவ்வொரு பிள்ளைக்கும் 80 பவுண்டு அபராதம். 21 நாட்களுக்குள் கட்டாவிட்டால் 160. 2024 ஓகஸ்டுக்கு முதல் அது 60 ஆக இருந்தது. வைட் தீவைச் சேர்ந்த ஒரு தந்தை மகளைப் புளோரிடாவுக்குக் கூட்டிப்போனார். 120 பவுண்டு அபராதத்தைக் கட்ட மறுத்து உச்ச நீதிமன்றம் வரை வழக்காடினார். மகளின் வரவு 90 வீதத்துக்கு மேல். 2017இல் தோற்றுத்தான் போனார்.

குப்பிவிளக்கு:
பார்த்தீர்களா! வெள்ளைக்காரன் 80 என்று வைத்திருக்கிறான்!

தட்டிவான்:
மாஸ்டர், அது 80 பவுண்டு. 80 வீதம் அல்ல.

குப்பிவிளக்கு:
எண் ஒன்றுதான். நான் சொல்வது ஒழுக்கம் பற்றி. அங்கே அபராதம் வைத்துப் பிள்ளைகளை மனிதராக்குகிறார்கள். இங்கே கேட்க நாதியில்லை.

நெடுந்தீவுக் குதிரை:
கணக்குப் பாடம் எடுத்தவர் என்று கேள்விப்பட்டேன். மாணவர்களை நினைத்துக் கவலையாக இருக்கிறது.

சூரிச் சித்தப்பா:
ஹரோ வாசி சொல்வது இங்கிலாந்துக் கதை. எங்கள் சூரிச் மாநிலத்தில் வருடத்துக்கு இரண்டு நாட்கள் ஜோக்கர் நாள் என்று உண்டு. காரணமே சொல்லாமல் பிள்ளையை நிறுத்தலாம், முன்கூட்டி அறிவித்தால் போதும். ஐரோப்பா முழுவதும் பொலிஸ் துரத்துகிறது என்பதுபோல் எழுதாதீர்கள்.

ஹரோ வாசி:
ஐரோப்பா முழுவதும் என்று நான் எழுதவேயில்லை. ஆனால் ஜெர்மனியில் பவேரியாப் பக்கம் விமான நிலையத்திலேயே பொலிஸார் பிள்ளைகளை மறித்துக் கேட்ட செய்தி 2018இல் வந்தது. சுவிஸ்காரர்களுக்கு எதைச் சொன்னாலும் தங்களைச் சொன்ன மாதிரித்தான்.

சூரிச் சித்தப்பா:
இரண்டு நாளைப் பற்றித்தான் எழுதினேன். அதற்குள் சுவிஸ்காரர் என்று சாதி பிரிக்கிறீர்கள்.

வடமராட்சியான்:
இரண்டு பேரும் சேர்ந்துதானே ஓகஸ்டில் நல்லூருக்கு வந்து இறங்குகிறீர்கள். உங்கள் நாட்டுக் கோடை விடுமுறைக்கு ஏற்றபடி எங்கள் ஊர் வான்காரன், மண்டபக்காரன், ஹோட்டல்காரன் எல்லோரும் விலையை ஏற்றிவிடுகிறார்கள். உங்கள் பிள்ளைகளின் விடுமுறையில் எங்கள் பிள்ளைகள் குறிகட்டுவானுக்குப் போனால் படகில் நிற்க இடமில்லை. அதனால்தான் நாங்கள் தவணை நடுவில் போகிறோம். பிறகு நீங்களே எங்களுக்கு அபராதக் கணக்குச் சொல்கிறீர்கள்.

ஹரோ வாசி:
நாங்கள் வந்து செலவழிக்காவிட்டால் அந்த மண்டபங்களின் கதவு திறக்குமா என்று யோசியுங்கள்.

வடமராட்சியான்:
இந்தத் திமிருக்குத்தான் காத்திருந்தேன்.

குப்பிவிளக்கு:
விடயத்துக்கு வாருங்கள். 80 வீதத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 1995 ஒக்டோபர் 30, யுத்தத்தில் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. மழை. பாய் தலையணையோடு சனம். அதன் பிறகு தென்மராட்சியில் மரத்தடியில் வகுப்பு வைத்தோம். கரும்பலகையைப் பனையில் சாய்த்து வைத்து எழுதினேன். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்த பிள்ளைகள் இன்று வைத்தியர்கள், பொறியியலாளர்கள். ஒரு பிள்ளை "நுவரெலியா போகிறேன்" என்று கேட்கவில்லை.

தட்டிவான்:
எப்படிக் கேட்கும்? ஆனையிறவைத் தாண்ட வழியிருந்ததா? 1990இல் நின்ற யாழ்தேவி ரயில் 2014இல்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. அந்தத் தலைமுறையில் நானும் ஒருவன் மாஸ்டர். ஜாம் போத்தல் விளக்கில் நானும் படித்தேன், புகை மூக்கில் ஏறிக் காலையில் கரியாக வரும். மலை என்றால் சமூகக்கல்விப் புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படம். வளர்ந்த பிறகுதான் மலையை நேரில் கண்டேன். என் மகளாவது தரம் 4இல் பார்க்கட்டும் என்று நினைத்தது தவறா? சுற்றாடல் பாடத்தில் தேயிலை வருகிறது. அவள் கொழுந்து பறிக்கிற அம்மாவோடு பேசிவிட்டு வந்தாள்.

குப்பிவிளக்கு:
உருக்கமாக எழுதினால் வரவு கூடிவிடாது. இடாப்பில் கண்ணீருக்குப் புள்ளி இல்லை.

வடமராட்சியான்:
1995ஐ மட்டுமே சொல்கிறீர்கள். 1987இல் எங்கள் பக்கம் இராணுவத்தின் ஒப்பரேஷன் லிபரேஷன் நடந்தது. எங்கள் பிள்ளைகள் கோவிலுக்குள் ஒளிந்திருந்தார்கள். அந்த வரவை யார் கணக்கெடுத்தது?

குப்பிவிளக்கு:
வடமராட்சியாருக்கு எப்போதும் இதுதான். படிப்பிலும் தாங்கள், துன்பத்திலும் தாங்கள். பனங்காய்ப் பணியாரம் பற்றிய இழையிலும் இதே கதை.

வடமராட்சியான்:
பணியாரத்தில் நீங்கள் தோற்றது இன்னும் வலிக்கிறது என்று புரிகிறது.

நெடுந்தீவுக் குதிரை:
ஒரு நிமிடம். மாஸ்டரின் பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். போன வருடம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் கதிர்காமப் பாதயாத்திரை புறப்பட்ட படம். மாஸ்டர் காவி வேட்டியோடு, கையில் வேல். பக்கத்தில் மூன்றடி உயரத்தில் ஒரு முருக பக்தர், தோளில் பாடசாலைப் பை. கீழே மாஸ்டரே எழுதியிருக்கிறார்: "பேரனும் என்னோடு நடக்கிறான்." அது விடுமுறைக் காலமா மாஸ்டர்?

குப்பிவிளக்கு:
அது சுற்றுலா அல்ல. நேர்த்தி.

நெடுந்தீவுக் குதிரை:
இடாப்பில் நேர்த்திக்குத் தனி நிரல் இருக்கிறதா ரீச்சர்?

இடாப்பு எழுதுகிறவள்:
இல்லை. வந்தால் வந்தது, வராவிட்டால் வரவில்லை.

குப்பிவிளக்கு:
பேரன் வற்றாப்பளை வரைதான் வந்தான். கண்ணகி அம்மன் பொங்கலோடு தகப்பன் வந்து பஸ்ஸில் கூட்டிப்போய்விட்டார். கதிர்காமம் வரை ஒரு மாதத்துக்கும் மேல் நடந்தது நான் மட்டும். மட்டக்களப்பு, உகந்தை, குமண காடு, எல்லாம் இந்தக் கால்கள். அந்தப் பிள்ளை வழியில் கற்ற பணிவை உங்கள் நுவரெலியா ஹோட்டல் கற்றுத்தருமா?

தட்டிவான்:
ஆக, வழியில் பிள்ளை கற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்கள்.

குப்பிவிளக்கு:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. வற்றாப்பளை வேறு, நுவரெலியா வேறு.

தட்டிவான்:
சந்நிதியிலிருந்து வற்றாப்பளைக்கு நடந்து போக எடுக்கிற நாட்களில் நாங்கள் நுவரெலியா போய்த் திரும்பிவந்து துணியும் தோய்த்துக் காயவைத்துவிட்டோம். தனக்குத் தனக்கென்றால் சுளகும் படக்குப் படக்கென்னும்.

சூரிச் சித்தப்பா:
கணக்கை ஒருவரும் போடவில்லையே. வருடத்தில் சுமாராக 200 பாடசாலை நாட்கள் என்று வையுங்கள். 80 வீதம் என்றால் 160. மாஸ்டரின் விதியையே எடுத்தாலும் 40 நாட்கள் மிச்சம். முறைக்கு ஐந்து நாள் என்று வைத்தாலும் தட்டிவான் வருடத்தில் எட்டு முறை நுவரெலியா போகலாம்.

குப்பிவிளக்கு:
இதுதான் புலம்பெயர்ந்தவர் கணக்கு! 80 என்பது இறங்கக்கூடாத கோடு. அந்தக் கோடு வரை இறங்கிவிட்டு வா என்ற அழைப்பு அல்ல. அந்த 40 நாட்கள் காய்ச்சலுக்கும் செத்தவீட்டுக்கும் வைத்தது.

நெடுந்தீவுக் குதிரை:
நேர்த்திக்கும்.

குப்பிவிளக்கு:
நக்கலுக்குப் பதில் எழுதுகிற வயதில் நான் இல்லை. (எழுதியும் விட்டேன், பரவாயில்லை.) என் மாணவர்கள் இன்று உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள், மாஸ்டர் ஒரு நாளாவது 80 வீதத்தில் விட்டுக்கொடுத்தாரா என்று.

இடாப்பு எழுதுகிறவள்:
எனக்கு ஒன்று விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து ஞாயிறு இரவு வரை எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் ரியூசனில் இருக்கிறார்கள். குடும்பமாக ஓரிடம் போக அவர்களுக்கு இருக்கிற ஓய்வு எது? விடுமுறையிலும் "விசேட வகுப்பு". ரியூசனுக்கு ஒரு நாள் வராவிட்டால் தாய்மார் துடிக்கிறார்கள், பாடசாலைக்கு வராவிட்டால் ஒற்றைத் தாளில் காய்ச்சல்.

குப்பிவிளக்கு:
ரியூசனை இழுக்க வேண்டாம்.

வடமராட்சியான்:
ஏன் இழுக்கக்கூடாது? ஓய்வுபெற்ற பிறகு வீட்டு விறாந்தையில் வாங்கு போட்டு வகுப்பு எடுக்கிறவர் நீங்கள்தானே. பிள்ளை நுவரெலியா போனால் யாருடைய வரவு குறைகிறது?

குப்பிவிளக்கு:
என் விறாந்தையைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி? வசதியில்லாத பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறேன். பணியாரத்தில் தொடங்கிய வன்மம் இன்னும் தீரவில்லை.

தட்டிவான்:
விறாந்தை, பணியாரம், வேல், நேர்த்தி எல்லாம் வந்துவிட்டன. தரம் 4 பிள்ளைக்கு 80 வீதம் என்ற சுற்றறிக்கை மட்டும் வரவில்லை. இலக்கத்தைப் போடுங்கள், இழையை மூடிவிடலாம்.

குப்பிவிளக்கு:
சுற்றறிக்கை கேட்கிறவர் முதலில் மகளின் தவணைப் புள்ளியைப் போடட்டும். நுவரெலியாவுக்கு முந்தியது, பிந்தியது, இரண்டும்.

தட்டிவான்:
என் பிள்ளையின் புள்ளியைக் கேட்க நீங்கள் யார்? உங்கள் பேரனின் புள்ளியைப் போடுங்கள், வற்றாப்பளைக்கு முந்தியது, பிந்தியது.

குப்பிவிளக்கு:
அவன் வகுப்பில் முதலாம் பிள்ளை.

நெடுந்தீவுக் குதிரை:
அப்படியென்றால் நடந்தால் மூளை வளர்கிறது. அடுத்த தவணையில் எல்லோரும் நடப்போம். வழியில் நுவரெலியா வருமா மாஸ்டர்?

ஹரோ வாசி:
வடமராட்சியான், மண்டபம் பற்றி நீங்கள் சொன்னதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. பருத்தித்துறையில் போன வருடம் ஒரு மண்டபத்துக்கு நான் கட்டிய முற்பணத்தைப் பற்றி விரிவாக எழுதுகிறேன், பொறுங்கள்.

வடமராட்சியான்:
எழுதுங்கள். ரூபாயில் எழுதுங்கள், பவுண்டில் வேண்டாம்.

குப்பிவிளக்கு:
மண்டபத்துக்கு வேறு இழை தொடங்குங்கள். இங்கே பேசுவது 80 வீதம்.