சைக்கோசிஸ் முதல் எபிசோட்: எங்கே சறுக்குகிறது? பார்த்ததை எழுதுங்கள்

மனநல மருத்துவர்:
சைக்கோசிஸ் என்றால் இல்லாத குரல் கேட்பது, யாரோ தன்னைக் கண்காணிப்பதாக உறுதியாக நம்புவது; அது முதன்முறை வருவதுதான் முதல் எபிசோட். சொந்தக் கதை வேண்டாம், கண்ணில் திரும்பத் திரும்பப் படுகிற தவறுகள் போதும். முதலாவது, தாமதம்.

"குரல் கேட்குது" என்று யாரும் எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. முதலில் தூக்கம் போகும். பிறகு படிப்பில் கவனம் போகும், நண்பர்கள் விலகுவார்கள், குளியல் நாள் கணக்கில் தள்ளிப்போகும். வீட்டார் இதற்கு வயசுக் கோளாறு, காதல் தோல்வி, போன் பைத்தியம் என்று ஏதோ ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். போன் கேமரா மேல் கறுப்பு டேப் ஒட்டியிருப்பதும், ஜன்னல் இடுக்கில் பேப்பர் திணித்திருப்பதும் கண்ணில் பட்ட பிறகுதான் உறைக்கிறது.

முதல் எபிசோட்காரர்களிடம் நடந்த அமெரிக்காவின் ரெய்ஸ் ஆய்வில் 34 மையங்களில் 404 பேர் சேர்ந்தார்கள். அறிகுறி தொடங்கிச் சிகிச்சை கிடைக்க ஆன காலத்தின் இடைநிலை 74 வாரம், அதாவது பாதிப் பேருக்கு இதைவிட அதிகம். அதைவிடச் சீக்கிரம் வந்தவர்களுக்குத்தான், மருத்துவரும் ஆலோசகர்களும் ஒரே குழுவாகச் சேர்ந்து கொடுத்த சிகிச்சை நன்றாகப் பலன் தந்தது. நோயைச் சீக்கிரம் கண்டறிய நார்வேயின் டிப்ஸ் திட்டம் பத்திரிகை விளம்பரம், பள்ளிகளில் பேச்சு, போன் செய்தால் நேரே வந்து பார்க்கும் குழு என்று இறங்கியது. அந்தப் பகுதியில் இடைநிலை 5 வாரம்; ஒப்பிட்ட பகுதியில் 16. விளம்பரத்தை நிறுத்தியதும் தாமதம் பழையபடி ஏறிவிட்டது! பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது முழுமையாக மீண்டவர்கள் சீக்கிரம் கண்டறியும் பகுதியில் 30.7 சதவீதம், மற்றதில் 15.1.

வார்டு செவிலி:
தாமதமாக வந்தவர்களிடம் நாம் காட்டுகிற அவசரம் அடுத்த தவறு. மாத்திரை தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும். பையன் நடந்துகொண்டே இருப்பான். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, ஒரு நிமிடத்தில் எழுந்துவிடுவான். நிற்கும்போதும் வலது கால், இடது கால் என்று எடையை மாற்றிக்கொண்டே இருப்பான். கேஸ் ஷீட்டில் "கிளர்ச்சி அதிகம்" என்று ஏறும், டோஸ் கூடும், நடை இன்னும் கூடும். இது நோய் அல்ல, அகதீசியா, மருந்து கொண்டுவந்த பதற்றம். ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "மனசு பதறுதா, கால் பதறுதா?" பெரும்பாலும் அவர்களே காலைக் காட்டுவார்கள். டோஸைக் குறைப்பது முதல் வழி. இல்லாவிட்டால் மருந்தை மாற்றலாம், ஆஸ்துமாவும் தாழ்ந்த ரத்த அழுத்தமும் இல்லை என்று பார்த்துவிட்டு ப்ரோப்ரானோலால் சேர்க்கலாம். இதைக் கவனிக்காமல் விட்டால் தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகலாம்.

இன்னொன்று கழுத்து ஒரு பக்கம் இழுப்பது, கண் மேலே செருகி நிற்பது. முதல் சில நாட்களில், அதிலும் ஹாலோபெரிடால் என்ற பழைய சைக்கோசிஸ் மருந்தை ஊசியாகப் போட்ட இளம் ஆண்களிடம். பார்க்கிறவர்கள் வலிப்பு என்றோ நடிப்பு என்றோ நினைக்கிறார்கள். ப்ரோமெதசின் போன்ற ஊசி போட்டால் சிறிது நேரத்தில் விட்டுவிடும். ஆனால் அந்தப் பயம் லேசில் போகாது. "அந்த மாத்திரை எனக்கு வேண்டாம்" என்ற பிடிவாதம் பல பேரிடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மருந்தாளுநர்:
செவிலி சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. ஹாலோபெரிடால் கொடுத்து ஸ்கேன் எடுத்த ஆய்வில், மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் பிடிக்கும் டி2 ஏற்பிகள் 65 சதவீதம் அளவுக்கு அடைபட்டாலே பலன் தெரிந்தது. 78 தாண்டினால் இறுக்கமும் நடுக்கமும். நடுவில் இருக்கிற இடம் குறுகல். முதல் எபிசோட்காரர்கள் சிறு டோஸுக்கே இறங்கி வருவார்கள். ரிஸ்பெரிடோன் என்ற சைக்கோசிஸ் மருந்தை 1 மி.கி.யில் தொடங்கினால் 2 முதல் 4 மி.கி.க்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நாட்பட்ட நோயாளிக்குப் போடுகிற 6, 8 இவர்களுக்கு வேண்டாம். முதல் நாட்களில் தேவைப்படுவது தூக்கமும் அமைதியும். அதற்குக் குறுகிய காலம் லோரசெபாம் என்ற தூக்க மருந்து கொடுக்கலாம், முதன்மை மருந்தை ஏற்ற வேண்டியதில்லை.

எடை! ஓலன்சபைன் என்ற இன்னொரு சைக்கோசிஸ் மருந்தில் சீக்கிரம் தூக்கம் வரும், வீட்டார் சந்தோஷப்படுவார்கள். ஆனால் முதல் எபிசோட்காரர்களிடம் நடந்த ஓர் ஒப்பீட்டில், ஒரு வருடத்தில் ஓலன்சபைன் எடுத்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு உடல் எடை 7 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மருந்து தொடங்கும் முன்பே எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், வெறும்வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி. எடுத்துவையுங்கள். முதல் ஆறு வாரம் வாராவாரம் எடை பாருங்கள். மூன்றாம் மாதம் பார்த்தால் சட்டை ஏற்கெனவே சேராமல் போயிருக்கும்.

நரம்பியல் மருத்துவர்:
சுருக்கமாக ஒன்று. சில நாட்களில் தலைகீழாக மாறினவர், கூடவே வலிப்பு, காய்ச்சல், வாய் கோணி அசைவது, பேச்சு குறைந்து நின்றுபோவது, நினைவு தெளிந்து மங்குவது என்று இருந்தால் மனநோய் என்று முத்திரை குத்தாதீர்கள். என்.எம்.டி.ஏ. ஏற்பிக்கு எதிரான மூளையழற்சியாக, அதாவது உடலின் எதிர்ப்புப் புரதங்களே மூளைச் செல்களின் ஏற்பியைத் தாக்குவதாக இருக்கலாம். 2007இல்தான் இதன் காரணமே தெளிவானது. அந்தப் புரதங்களை ரத்தத்தில் மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. முதுகுத்தண்டு நீரிலும் பார்க்க வேண்டும். பெண்ணாக இருந்தால் சினைப்பைக் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன்.

குடும்ப ஆலோசகர்:
வீட்டில் பெரும்பாலும் பார்ப்பது வாதம். "யாரும் உன்னைப் பார்க்கலடா, நிரூபிச்சுக் காட்டறேன் வா" என்று அப்பா தெருமுனை வரை இழுத்துப் போவார். அதோடு அவரும் சதியில் சேர்ந்துவிட்டதாகப் பையன் முடிவு கட்டிவிடுவான். ஆமாம் போடவும் கூடாது, அது இன்னும் மோசம். "எனக்குக் கேட்கல. உனக்குக் கேட்குது, பயமா இருக்கும்ல. ராத்திரி தூங்கினியா?" என்று தூக்கத்தின் பக்கம் திருப்பினால் டாக்டரிடம் வரச் சம்மதிக்கிறார்கள். தூக்கமில்லை என்பதை அவர்களும் ஒப்புக்கொள்வார்கள்; நோய் என்பதைத்தான் மாட்டார்கள்.

கஞ்சா விஷயத்திலும் வீட்டில் இதே சண்டைதான். எத்தனை நாள், எவ்வளவு வீரியம் என்று சாதாரணமாகக் கேட்டால் பதில் வரும். வீரியம் கூடியதைத் தினமும் இழுப்பவர்களுக்கு, தொடாதவர்களைவிடச் சைக்கோசிஸ் வாய்ப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு என்று 2019இல் வந்த ஐரோப்பிய ஆய்வு சொல்கிறது. அந்த எண்ணைப் பையனிடம் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். "புகைத்த மறுநாள் குரல் கூடுதா, குறையுதா?" என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.

மனநல மருத்துவர்:
எல்லோரும் கடைசியில் கேட்பது, மாத்திரையை எப்போது நிறுத்தலாம்? ஆய்வுகளே இழுபறியில் இருக்கின்றன. நெதர்லாந்தில் ஆறு மாதம் குணமாக இருந்தவர்களுக்கு மெல்லக் குறைத்தார்கள். ஆரம்பத்தில் நோய் திரும்புவது இரட்டிப்பானது. ஆனால் ஏழாம் வருடம் மீண்டவர்கள் 40.4 சதவீதம், தொடர்ந்து எடுத்தவர்களில் 17.6. ஹாங்காங்கில் குறைந்தது ஒரு வருடம் மருந்து எடுத்து அறிகுறி போனவர்களிடம் பார்த்தால் படம் வேறு. ஒரு வருடத்தில் நோய் திரும்பியது நிறுத்தியவர்களில் 79 சதவீதம் பேருக்கு, தொடர்ந்தவர்களில் 41. பத்தாம் வருடத்திலும் நிறுத்தியவர்கள் நிலை மோசம்: மோசமான நிலையில் இருந்தவர்கள் அவர்களில் 39 சதவீதம், தொடர்ந்தவர்களில் 21.

முரண்போலத் தெரியும். நெதர்லாந்தில் பெரும்பாலோர் முழுதாக நிறுத்தவில்லை, டோஸ்தான் குறைந்தது. ஹாங்காங்கில் மருந்துக்குப் பதில் வெற்று மாத்திரை. அதனால் என் கணக்கு, "நிறுத்து" என்பதைவிட "குறை" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. குறைந்தது ஒரு வருடம், முடிந்தால் இரண்டு, நிலையாக இருந்த பிறகு தொடங்கலாம். பரீட்சை, கல்யாணம், வேலை மாற்றம் இருக்கிற மாதங்களில் கை வைக்கக் கூடாது. ரிஸ்பெரிடோன் என்றால் 4 மி.கி.யிலிருந்து 3க்கு வருவது சுலபம். 1இலிருந்து பூஜ்யத்துக்குப் போவதுதான் பெரிய தாவல், ஏனென்றால் ஏற்பிகளின் அடைப்பு கடைசி மில்லிகிராமில்தான் சடசடவென்று இறங்குகிறது. அங்கே அரை, கால் என்று உடைத்து, ஒவ்வொரு படியிலும் மாதக்கணக்கில் நிற்க வேண்டும். தூக்கம் இரண்டு ராத்திரி தொடர்ந்து கெட்டால் முந்தைய படிக்கே திரும்பி, அதே வாரத்தில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த முந்தைய டோஸின் எண்ணை மாத்திரை அட்டையின் பின்பக்கம் பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.