புதுப்பிப்பு: எங்க ஃபிலிம் கிளாஸ் விண்கலம் ஒருவழியா பறந்துருச்சு

செலவில்லாம விண்கலம் உள்பக்கம் எப்படி காட்டுறதுன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, கிளாஸ்ல எல்லாரும் சேர்ந்து எடுக்குற அந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் காமெடிக்கு, ஷூட் முடிஞ்சிருச்சு. கிரீன் ஸ்கிரீன் (பின்னாடி பச்சைத் துணி கட்டி, எடிட்ல பச்சையை அழிச்சு வேற காட்சி வைக்கிறது) வேணாம்னு சொன்னவங்களுக்கு பெரிய நன்றி, ஹெல்மெட் கண்ணாடில அந்தப் பச்சை பிரதிபலிச்சா அதுவும் அழிஞ்சு முகத்துலயே ஓட்டை விழுந்துடும். அட்டை, அலுமினிய ஃபாயில்னு செட்டே போட்டுட்டோம். ட்யூப்லைட் மட்டும் கேமரால மினுக்குச்சு, 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு கேமரா ஷட்டர் ஸ்பீடை 1/50 செகண்ட்ல வச்சதும் அடங்கிருச்சு.

செம மேட்டர் என்னன்னா, கலம் குலுங்குற சீன். செட்டை ஆட்ட முடியாது, கேமராவை சாய்ச்சுட்டு நடிகருங்க எல்லாம் ஒரே பக்கம் சரியணும், ஆனா ஒருத்தன் மட்டும் ஒவ்வொரு டேக்லயும் எதிர்ப்பக்கம் சரியுறான், டைரக்‌ஷன் பண்ற பொண்ணு கடுப்பாகி கடைசில ‘நீ அப்படியே சாய்டா’ன்னு விட்டுருச்சு, பாத்தா படத்துலயே பெரிய சிரிப்பு அதுதான், ஏன்னா அவன் மூஞ்சி அவ்ளோ சீரியஸ். எழுதி வச்ச பஞ்ச் டயலாக் பாதி எடிட்ல போயிருச்சு (நான் எழுதுனதும்தான், சரி விடுங்க).

இப்போ சவுண்ட் வேலை. ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி பிட்ச் குறைச்சா இன்ஜின் மாதிரியே கேக்குது. ஏலியன் குரலுக்கு யாராச்சும் ஐடியா குடுங்க, ரிவர்ஸ் பண்ணது எடுபடல.